குதிரைக் குளம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே குளம்பைச் சுற்றியவை. பதில்களில் அடிக்கடி வரும் சில பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறோம். குதிரையின் காலைத் தூக்கி அடியைப் பார்த்தால் ஓரமாகச் சுற்றி வரும் கெட்டியான பகுதிதான் குளம்புச் சுவர். எடையைப் பெருமளவு தாங்குவது அது. லாட ஆணி இறங்குவதும் அதில்தான். அதற்கு உட்புறம் சற்றே குழிந்திருப்பது அடித்தட்டு. இரண்டும் சேரும் இடத்தில் இளமஞ்சளாக ஓடுவது வெள்ளைக்கோடு. குதிப் பக்கம் அகன்று முன்னோக்கிக் குறுகும் மிருதுவான முக்கோணம் ஃப்ராக். அதன் இரு பக்கத்திலும் நடுவிலும் பள்ளங்கள் உண்டு. மேலே மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் இடம் மயிர்க்கோடு. சுவர் அங்கிருந்துதான் கீழ்நோக்கி வளர்கிறது. வளர்ச்சி மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர். ஆகவே முனை எனப்படும் முன்பகுதி முழுதாகப் புதுப்பிக்கப்பட 9 முதல் 12 மாதம் ஆகும். குளம்பு வைத்தியத்தில் பொறுமை தேவைப்படுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

நேற்று மாலை வரை ஒழுங்காக நடந்த குதிரை இன்று காலை முன்கால் ஒன்றை ஊன்றவே மறுக்கிறது. காலில் வீக்கமோ காயமோ தெரியவில்லை. எலும்பு முறிவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

முறிவாகவும் இருக்கலாம் என்பதால் குதிரையை நடத்திப் பார்க்காதீர்கள், கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு மிகவும் பொருந்துவது குளம்புக்குள் சீழ் கட்டியிருப்பது. வெள்ளைக்கோட்டில் ஏற்பட்ட சிறு பிளவு வழியாகவோ, அடித்தட்டில் கல் குத்திய இடம் வழியாகவோ மண்ணும் கிருமியும் உள்ளே போகின்றன. சீழ் சேர்கிறது. சுற்றிலும் கெட்டியான கொம்புப் பொருள் இருப்பதால் சீழுக்கு விரிய இடமில்லை. அழுத்தம் முழுவதும் உள்ளிருக்கும் உயிருள்ள திசுவின் மேல் விழுகிறது. அதனால்தான் வலி ஒரே இரவில் உச்சத்துக்குப் போகிறது.

மருத்துவர் வரும்வரை நீங்களே இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். இரு முன் குளம்புகளின் மேலும் கையை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். பிறகு குளம்புக்கு மேலே புடைத்துத் தெரியும் ஃபெட்லாக் மூட்டின் பின்பக்கம், இரு ஓரங்களிலும் விரலை மெதுவாக வைத்து நாடி பாருங்கள். நலமான காலில் அது தேடித்தான் கிடைக்கும். சீழ் கட்டிய காலில் விரலைத் தட்டுவது போலத் துடிக்கும்.

லாடக்காரர் வந்ததும் லாடம் இருந்தால் கழற்றுவார். பிறகு குளம்பை அழுத்திப் பார்க்கும் நீண்ட இடுக்கியால் குதியிலிருந்து குதி வரை ஒவ்வொரு விரற்கடையாக அழுத்திக்கொண்டே போவார். ஓர் இடத்தில் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். அந்த இடத்தில் அடித்தட்டின் மேல்தோலைச் சீவினால் வெள்ளைக்கோட்டில் ஒரு கரும்புள்ளியோ கரும்கோடோ தெரியும். அதைத் தொடர்ந்து குறுகிய முனையுள்ள கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில், கெட்ட நாற்றத்தோடு திரவம் வெளியே வரும். சில குதிரைகள் சில நிமிடங்களிலேயே காலை ஊன்றிவிடும்.

துளை 5 மில்லிமீட்டர் அளவில் இருந்தாலே போதும், வடிவதற்கு வழி கிடைத்துவிடும். சீழைத் தேடி அடித்தட்டில் பெரிய பள்ளம் தோண்டுவது பெரும் தவறு. உள்ளிருக்கும் உயிர்த்திசு அந்தத் திறப்பு வழியாகப் பிதுங்கி வெளியே வரும். பிறகு ஒரு வாரத்தில் ஆற வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். ரத்தம் வந்தால் கத்தியை நிறுத்திவிட வேண்டும். கரும்தடம் தென்படாவிட்டால் பற்றுப் போட்டு ஒரு நாள் ஊறவிட்டு மறுநாள் பார்ப்பதே சரி.

வடிய விட்டபின் வேலை உங்களுடையது. கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு எப்சம் உப்பைப் போட்டுக் குளம்பை 15 முதல் 20 நிமிடம் ஊற வையுங்கள். நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ செய்யலாம். 2, 3 நாளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் ஊறினால் அடித்தட்டு மிருதுவாகிப் புதுச் சிக்கல் வரும். ஊறியபின் துடைத்து, துளையின் மேல் பற்று வைத்து, குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் ஒன்றால் குளம்பை மூடுங்கள். அதன் மேல் ஒட்டும் கட்டுத்துணியைச் சுற்றுங்கள். கடைசியாக, துணியொட்டிய அகல டேப்பில் குறுக்கும் நெடுக்குமாக ஓர் அட்டை செய்து அடியில் ஒட்டி ஓரங்களை மடித்து விடுங்கள். டேப் மயிர்க்கோட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஏறி இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் புண்ணாகும். கட்டைத் தினமும் மாற்ற வேண்டும். வடிவது நின்றபின் பொவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சைத் துளையில் வைத்து, உள்ளே காய்ந்து கெட்டிப்படும்வரை உலர்ந்த இடத்தில் நிறுத்துங்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டெட்டனஸ் கிருமிக்குக் குதிரை மிக எளிதில் ஆட்படும். குளம்புக்குள் இருக்கும் காற்றில்லாத புண் அந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். வடிய விட்டும் 48 மணி நேரத்தில் நொண்டல் நன்றாகக் குறையவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

சில சமயம் சீழ் கீழே வழி கிடைக்காமல் மேலேறி மயிர்க்கோட்டில் உடைந்து வெளிவரும். அங்கே உண்டாகும் குறுக்குக் கீறல் பிறகு சுவரோடு சேர்ந்து மெல்லக் கீழே இறங்கும். மாதங்கள் கழித்து அந்தக் குறுக்குக் கோட்டைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது நடந்து முடிந்ததன் தடம் மட்டுமே.

லாடம் அடித்த இரண்டாம் நாள் குதிரை நொண்டுகிறது. லாடக்காரர் அடித்தபோது எந்தப் பிரச்சினையும் தெரியவில்லை. அவருடைய தவறுதானா?

ஆணியால் வரும் துன்பம் இரண்டு வகை. ஆணி உயிர்த்திசுவுக்குள்ளேயே இறங்கிவிட்டால் குதிரை அந்தக் கணமே காலை இழுக்கும், பிடுங்கிய ஆணியில் ரத்தம் இருக்கும். மற்றது, ஆணி வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இருந்தும் உயிர்த்திசுவை ஒட்டிப் போய் அழுத்துவது. அப்போது வலி உடனே வராது. ஒரு நாளோ, சில நாளோ கழித்து வரும். உங்கள் குதிரைக்கு இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவர் மெல்லியதாக இருக்கும் குதிரைகளுக்குக் கைதேர்ந்தவர் அடித்தாலும் இது நேரும்.

லாடக்காரரையே திரும்ப அழையுங்கள். ஒவ்வோர் ஆணியின் தலையையும் சுத்தியலால் இலேசாகத் தட்டினால் எதற்குக் குதிரை சுளிக்கிறது என்று தெரிந்துவிடும். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்: ஈரமாக, கறுப்பாக, நாற்றத்தோடு வரும் ஆணிதான் குற்றவாளி. அந்தத் துளையைக் கிருமிநாசினியால் கழுவிவிட்டு வெறுமையாக விட வேண்டும். அதே துளையில் மறுபடி ஆணி அடிக்கவே கூடாது.

ஆணி சரியாகப் போகிறதா என்பதைக் கவனிக்க விரும்பும் வாசகர்களுக்கு: லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். தலையில் உள்ள அடையாளமும் அதே பக்கத்தில்தான். அந்தப் பக்கம் குளம்பின் உட்புறத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் அடிக்க அடிக்க நுனி வெளிப்புறமாக வளைந்து சுவரைத் துளைத்து வரும். திருப்பி வைத்தால் உள்ளே போகும். நல்ல சுவரில் இறங்கும் ஆணி கணீரென்று ஒலிக்கும், அடிக்கவும் பலம் வேண்டும். ஒலி மந்தமாகி ஆணி சுலபமாக உள்ளே போனால் உடனே பிடுங்க வேண்டும். வெளிவரும் இடம் சுவரின் உயரத்தில் கீழிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு. குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி வரக் கூடாது. குதிரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குதிகள் சற்றே விரிய வேண்டும். பின்னால் ஆணி அடித்தால் அந்த விரிவைப் பூட்டி விடுகிறோம்.

குதிரை மேய்ந்த இடத்தில் ஆணி ஒன்று ஃப்ராக்கில் குத்திவிட்டது. உடனே பிடுங்கி மஞ்சள் தூள் வைத்தோம். இப்போது நன்றாக நடக்கிறது. இது போதுமா?

போதாது. இன்றே மருத்துவரை அழையுங்கள். ஃப்ராக்கின் நடுப்பகுதிக்கு நேர் மேலே காலை மடக்கும் தசைநாண், நேவிகுலர் என்னும் சிறு எலும்பு, அதைச் சுற்றிய திரவப் பை ஆகியவை இருக்கின்றன. மூட்டும் தொலைவில் இல்லை. அங்கே கிருமி போய்விட்டால் முதல் நாள் நன்றாக நடக்கும் குதிரை சில நாளில் காலையே இழக்க நேரிடும். பிடுங்கிய துளையோ சில மணி நேரத்தில் மூடிக்கொண்டு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

இனி இப்படி நேர்ந்தால், முடிந்தவரை ஆணியை அப்படியே விட்டுவைத்து எக்ஸ்ரே எடுப்பதே நல்லது. எவ்வளவு ஆழம், எந்தத் திசை, எதைத் தொட்டிருக்கிறது என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும். ஆணி மேலும் உள்ளே போகாமலிருக்க அதன் இரு பக்கமும் மரத்துண்டுகளை வைத்து டேப்பால் கட்டுங்கள். பிடுங்கியே தீர வேண்டிய நிலை என்றால், குத்திய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, போன ஆழத்தையும் சாய்வையும் குறித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணியைத் தூக்கி எறியாதீர்கள். மஞ்சள் தூளோ வேறு எந்தப் பொடியோ துளைக்குள் அடைக்க வேண்டாம்.

எங்கள் மட்டக்குதிரை முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. திரும்பச் சொன்னால் மறுக்கிறது. கழுத்து தடித்துக் கொழுப்பாக இருக்கிறது. நடக்க விட்டால் சரியாகுமா?

நடக்க விடாதீர்கள். இது லேமினைட்டிஸ், குளம்பு நோய்களில் மிகக் கொடியது. உடனே மருத்துவர் வர வேண்டும்.

குளம்புக்குள் இருக்கும் எலும்பை நாம் குளம்பெலும்பு என்று சொல்கிறோம். அது சுவரின் உட்புறத்தோடு நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் பிணைந்து தொங்குகிறது. குதிரையின் எடை முழுவதும் இந்தப் பிணைப்பில்தான் நிற்கிறது. லேமினைட்டிஸில் இந்த மடிப்புகள் பலமிழந்து பிரிகின்றன. ஒரு பக்கம் எடை அழுத்த, இன்னொரு பக்கம் தசைநாண் பின்னாலிருந்து இழுக்க, எலும்பின் நுனி கீழ்நோக்கித் திரும்புகிறது. சில குதிரைகளில் எலும்பு முழுவதுமாகவே கீழிறங்கிவிடும்; அப்போது மயிர்க்கோட்டில் விரல் வைத்தால் ஒரு பள்ளம் தென்படும். நடக்க வைக்கும் ஒவ்வோர் அடியும் மிச்சமிருக்கும் பிணைப்பைக் கிழிக்கிறது.

காரணங்களில் முதலிடம் இன்சுலின் கோளாறுக்கு. தடித்த கழுத்தும் கொழுத்த உடலும் உள்ள மட்டக்குதிரைகள் செழித்த புல்லிலும் தானியத்திலும் உள்ள சர்க்கரைக்கு அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கின்றன; அந்த இன்சுலினே மடிப்புகளைப் பாதிக்கிறது. வயதான குதிரைகளில் மூளையடிச் சுரப்பிக் கோளாறும் இதே வழியில் கொண்டு விடும். மயிர் நீண்டு உதிராமல் இருப்பது அதன் அறிகுறி. தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்ட குதிரைக்கும், ஈன்றபின் நஞ்சுக்கொடி விழாமல் தங்கிய குதிரைக்கும் குடல் அல்லது கருப்பை விஷத்தால் வரும். ஒரு கால் முறிந்தோ புண்ணாகியோ இருக்க, எடை முழுவதையும் தாங்கும் மறு காலுக்கும் வரும். ஆகவே ரத்தத்தில் இன்சுலின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். காரணத்தைத் திருத்தாமல் குளம்பை மட்டும் சரிசெய்வதில் பலனில்லை.

மருத்துவர் வரும்வரை செய்யக்கூடியவை இவை. தானியத்தை உடனே நிறுத்துங்கள், மேய்ச்சலுக்கு விடாதீர்கள். குதிரையைப் பட்டினி போடவும் கூடாது. கொழுத்த மட்டக்குதிரையைப் பட்டினி போட்டால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். உலர்புல்லைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை குறையும். அளவு, உடல் எடையில் நாளுக்கு 1.5 சதவீதம்: 300 கிலோ குதிரைக்கு 4.5 கிலோ, ஊறுவதற்கு முன் எடைபோட்டது. நிற்கும் இடத்தில் மரத்தூளோ மணலோ 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பரப்புங்கள். அது அடித்தட்டுக்குள் நிரம்பி ஓரளவு தாங்கும்.

நோய் தொடங்கிய முதல் மணி நேரங்களில் பலன் தரும் வைத்தியம் பனிக்கட்டி. பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்ததில் குளம்பு மட்டுமல்லாமல் முழங்காலுக்குக் கீழ் வரை காலை மூழ்க வைக்க வேண்டும். விட்டுவிட்டு வைத்தால் பயன் குறைவு. 48 முதல் 72 மணி நேரம் இடைவிடாமல் வைக்க வேண்டும், கரையக் கரைய நிரப்ப வேண்டும். சிரமமான வேலைதான். ஆனால் இந்த மூன்று நாள் உழைப்பு பின்னர் ஓராண்டு வேதனையைத் தவிர்க்கக்கூடும். நாள்பட்ட நோய்க்குப் பனிக்கட்டி உதவாது.

அடுத்து லாடக்காரரின் வேலை. எக்ஸ்ரே இல்லாமல் கத்தியை எடுக்க விடாதீர்கள். சுவரின் முன்பக்கத்தில் ஒரு கம்பித்துண்டை ஒட்டி, ஃப்ராக்கின் நுனியில் ஒரு சிறு ஆணியைப் போல அடையாளம் வைத்துப் படம் எடுத்தால், எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது, அடித்தட்டு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அளந்தே சொல்லலாம். 15 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி, 10க்குக் கீழே போனால் கவலை. அவசர நாட்களில் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஸ்டைரோஃபோம் பலகையைக் குளம்பின் அளவுக்கு வெட்டி டேப்பால் கட்டுவார்கள். ஓரிரு நாளில் அது நசுங்கி குளம்பின் வடிவத்துக்கு வந்துவிடும். அப்போது அதை எடுத்து, ஃப்ராக் நுனிக்கு முன்னாலிருக்கும் பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, அடியில் புதிய பலகை ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் எடை பின்பக்கத்துக்கு மாறும், நொந்த முனைக்கு ஓய்வு கிடைக்கும்.

வலி தணிந்தபின் குளம்பைத் திருத்தும்போது நீண்ட முனையைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும், குதியைப் பின்பகுதியில் மட்டும் தாழ்த்த வேண்டும், முனைக்கு அடியில் அடித்தட்டைத் தொடவே கூடாது. ஆணி அடிக்கும் அதிர்ச்சியைத் தவிர்க்க ஒட்டும் லாடமோ மரக்கட்டை லாடமோ நல்லது. புதிய சுவர் எலும்புக்கு இணையாக மேலிருந்து இறங்கி வருவதை மாதாமாதம் பார்க்கலாம். தரையைத் தொட ஏறக்குறைய ஓராண்டு. குளம்பின் வளையங்கள் குதிப் பக்கம் அகன்றும் முன்பக்கம் நெருங்கியும் இருந்தால் அந்தக் குதிரைக்கு முன்பே இது வந்திருக்கிறது என்று பொருள். குதிரை வாங்கும்போது இதைப் பாருங்கள்.

ஃப்ராக்கின் பள்ளத்தில் கறுப்பாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு ஏதோ வடிகிறது. தினமும் மருந்து ஊற்றியும் போகவில்லை.

இது த்ரஷ். காற்று படாத ஈரமான பள்ளத்தில் வளரும் கிருமிகளின் வேலை. மருந்து ஊற்றியும் போகாததற்குக் காரணம் மருந்து போய்ச் சேரவில்லை என்பதே. முதலில் லாடக்காரர், தொங்கிக்கொண்டு பள்ளத்தை மூடும் கிழிந்த ஃப்ராக் துண்டுகளைச் சீவி, காற்று போக வழி செய்ய வேண்டும். நல்ல ஃப்ராக்கைத் தொட வேண்டாம். பிறகு தினமும் குளம்புக் கொக்கியால் அழுக்கை எடுத்து, தூரிகையால் தேய்த்து, துணியால் நன்றாக உலர்த்தி, நீர்த்த பொவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சைப் பள்ளத்தின் அடிவரை திணியுங்கள். மறுநாள் அதை எடுத்துப் புதியது வையுங்கள். இரண்டு வாரம் போதும். ஃபார்மலின், ஹைட்ரஜன் பெராக்சைடு, கடும் ப்ளீச் எதுவும் வேண்டாம். அவை கிருமியோடு உயிர்த்திசுவையும் எரிக்கின்றன.

நடுப்பள்ளம் விரல் நுழையும் ஆழத்துக்கு, குதிகளுக்கு இடையே மேல் வரை பிளந்திருந்தால் குதிகள் குறுகியிருக்கின்றன. அந்தக் குதிரை குதியை ஊன்ற அஞ்சி முனையால் நடக்கும், அதனால் குதி மேலும் குறுகும். அங்கே குளம்புத் திருத்தமும் சேர்ந்தால்தான் த்ரஷ் அடங்கும். லாயத்தில் சிறுநீரும் சாணமும் தேங்கினால் எந்த மருந்தும் நிற்காது.

வடிவதற்குப் பதிலாகக் காலிஃப்ளவர் போல வெளுத்த சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் வந்தால் அது கேன்கர். அதை மருத்துவர்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

8 வாரம் ஆகியும் லாடம் தேயவில்லை. இன்னும் ஒரு மாதம் விட்டால் என்ன?

லாடம் தேய்ந்ததா என்பது கணக்கே அல்ல, குளம்பு எவ்வளவு வளர்ந்தது என்பதுதான் கணக்கு. 8 வாரத்தில் முனை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கும். அது நேர் கீழே வளர்வதில்லை, சாய்வாக முன்னோக்கி வளர்கிறது. லாடமும் அதோடு சேர்ந்து முன்னே நகர்கிறது. குதியும் முன்னே வந்து உடலுக்கு அடியில் மடங்குகிறது. மேலும், முனைப் பக்கம் ஆணியால் இறுகியிருக்க, குதிகள் ஒவ்வோர் அடியிலும் விரிந்து லாடத்தின் மேல் உரசித் தேய்கின்றன. கழற்றிய லாடத்தைத் திருப்பிப் பாருங்கள்: குதி உட்கார்ந்த இடத்தில் பளபளவென்று பள்ளம் விழுந்திருக்கும். முனை நீள, குதி தேய, குளம்பின் கோணம் நாளுக்கு நாள் சாய்கிறது. முனை நெம்புகோல் போல நீளும்போது தசைநாணிலும் நேவிகுலர் எலும்பிலும் ஏறும் பாரம் கூடுகிறது. வெள்ளைக்கோடு இழுபட்டு விரிகிறது. பிறகு அதே பிளவில் சீழும், சுவர் அழுகலும் வருகின்றன. இந்தப் பக்கத்தில் நாங்கள் பதில் சொல்லும் துன்பங்களில் பாதி, நீண்ட முனையிலிருந்து தொடங்குகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

லாடம் கட்டிய குதிரைக்கு 4 முதல் 6 வாரம், லாடமில்லாததற்கு 6 முதல் 8 வாரம். குட்டிக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே முதல் திருத்தம் தொடங்கி மாதம் ஒரு முறை.

வேலை முடிந்ததும் நீங்களே சரிபார்க்கலாம். குதிரையைச் சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். குளம்பின் முன்பக்கக் கோடும், அதற்கு மேலே ஃபெட்லாக் வரை செல்லும் காலின் கோடும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பிறகு காலைத் தூக்கி, குளம்பின் மிக அகலமான இடத்தில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து முனை வரை உள்ள நீளமும் குதி ஊன்றும் இடம் வரை உள்ள நீளமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். கோணமானியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாக் குதிரைக்கும் ஒரே எண்ணைத் தேடுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு காலுக்கும் அதன் எலும்பே அளவுகோல். பல மாதம் கெட்டுப்போன குளம்பை ஒரே நாளில் சரிக்கட்டவும் முயலக் கூடாது. கோணத்தைத் திடீரென மாற்றினால் தசைநாண் நோகும். தாழ்ந்த குதிக்கு அடியில் ஆப்பு வைத்து உயர்த்துவது சில வாரத்துக்கு உதவும். ஆனால் நொந்த குதியின் மேலேயே ஆப்பு அழுத்துவதால் நாளடைவில் குதி இன்னும் நசுங்கும். முனையைக் குறைப்பதே அடிப்படை வைத்தியம்.

குளம்பின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்நோக்கி வெடிப்பு. நடக்கும்போது விரிந்து மூடுகிறது. பசையால் அடைத்துவிடலாமா?

இப்போது கூடாது. விரிந்து மூடும் வெடிப்பு சுவரை முழுதாகத் துளைத்திருக்கிறது. உள்ளே ஈரமோ கிருமியோ இருக்க, மேலே அடைத்தால் சீழ்தான் சேரும். முதல் வேலை வெடிப்புக்குக் கீழே எடை விழாமல் செய்வது. லாடக்காரர் அந்தப் பகுதியின் சுவரை மட்டும் கூடுதலாக அராவி, லாடத்துக்கும் சுவருக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார். குதிகளை இணைக்கும் பட்டையுள்ள லாடத்தைப் பொருத்தினால் எடை ஃப்ராக்குக்கும் போகும். வெடிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து முழுக்கக் காய்ந்தபின், துருப்பிடிக்காத கம்பியால் இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்து, அதன் மேல் அக்ரிலிக் பூச்சு போடலாம். மயிர்க்கோட்டிலிருந்து ரத்தம் கசிந்தால் மருத்துவரும் பார்க்க வேண்டும். அங்கே காயம் ஆறாவிட்டால் வளரும் சுவரும் பிளந்தேதான் வளரும்.

தரையிலிருந்து மேலேறும் ஆழமற்ற மெல்லிய கீறல்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஓரத்தை உருட்டி அராவினால் தானாகவே நின்றுவிடும்.

சுத்தியலால் தட்டினால் குளம்பின் முன்பக்கம் வெற்றுப் பெட்டி போல ஒலிக்கிறது. குதிரை நொண்டவில்லை.

சுவரின் உள்ளடுக்கு அழுகி மாவாகிவிட்டது. கிருமியும் பூஞ்சையும் காற்றில்லாத அந்த இடுக்கில் மேலேறிக்கொண்டே போகின்றன. மேலே இருக்கும் பிரிந்த சுவரை, நல்ல ஒட்டுதல் தொடங்கும் இடம் வரை வெட்டி எடுத்துத் திறந்து விடுவதே வைத்தியம். பார்க்கக் கொஞ்சம் பயங்கரமாக இருக்கும், ஆனால் அந்தச் சுவர் ஏற்கெனவே செத்தது, வலி இருக்காது. வெட்டும் அளவு பெரிதாக இருந்தால் முன்பே எக்ஸ்ரே எடுத்து, வேறு இடத்தில் தாங்கும்படி லாடம் பொருத்த வேண்டும். பிறகு வாரந்தோறும் கம்பித் தூரிகையால் தேய்த்து உலர்வாக வைத்திருங்கள். மறுபடி கரும்கோடு தெரிந்தால் அதையும் சுரண்ட வேண்டும். மருந்தை விடக் காற்றே இங்கு பெரிய வைத்தியர். திறக்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் மேலே மேலே போகும்.

குளம்பு எண்ணெய் தடவினால் குளம்பு வேகமாக வளருமா? பயோட்டின் என்னும் வைட்டமின் தரலாமா?

எண்ணெயால் வளராது. வளர்ச்சி நடக்கும் இடத்துக்கு அது போய்ச் சேருவதே இல்லை. ஈரமான குளம்பின் மேல் கெட்டியாகப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் குளம்பு மிருதுவாகும், ஆணிகளும் தளரும். பயோட்டின் நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம், துத்தநாகமும் செம்பும் சேர்ந்த தீவனத்தோடு தந்தால் மெலிந்த குளம்புகளுக்குப் பலன் உண்டு. ஆனால் புதிதாக வளரும் கொம்பில் மட்டும்தான் தெரியும். 6 முதல் 9 மாதம் விடாமல் தர வேண்டும். செலினியம் கலந்த சத்துப்பொடிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தராதீர்கள். அளவு மீறினால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும், மயிர்க்கோட்டையொட்டிக் குளம்பு பிளக்கும்.

லாடத்தைக் காய்ச்சி வைக்கும்போது புகை வருகிறது. குதிரைக்குச் சுடாதா?

சுடாது. கொம்புப் பொருளுக்குச் சூடு ஏறுவது மிக மெதுவாக. சில விநாடிகளே வைக்கிறார்கள், லாடம் எங்கே சரியாக உட்காரவில்லை என்பது பழுப்புத் தடத்தில் தெரிந்துவிடும். அடித்தட்டு மெல்லியதாக இருக்கும் குதிரைக்கு மட்டும் நீண்ட நேரம் வைக்கக் கூடாது.

லாடம் பாதி கழன்று பக்கவாட்டில் தொங்குகிறது. லாடக்காரர் வர இரண்டு நாளாகும். நாங்களே எடுக்கலாமா?

எடுத்தே ஆக வேண்டும். தொங்கும் லாடத்தின் மேல் குதிரை மிதித்தால் ஆணியோ, லாடத்தின் முன்பக்கம் மேல்நோக்கி நீட்டியிருக்கும் முனைக் கொளுவியோ அடித்தட்டுக்குள் இறங்கும்.

முதலில் சுவரின் வெளிப்பக்கம் மடித்து விட்ட ஆணி நுனிகளை அரத்தால் தேய்த்து எடுங்கள், இல்லையேல் உளியை அடியில் வைத்துத் தட்டி நிமிர்த்துங்கள். இதைச் செய்யாமல் இழுத்தால் மடிந்த நுனிகள் சுவரைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு குறட்டை ஒரு குதிப் பக்கம் லாடத்துக்கும் குளம்புக்கும் இடையே நுழைத்து, கைப்பிடியை ஃப்ராக் நுனியை நோக்கி உள்வாட்டமாக அழுத்துங்கள். வெளிப்பக்கமாகத் திருகினால் சுவர் உடையும். கொஞ்சம் தளர்ந்ததும் மறு குதிக்குப் போங்கள். இரு பக்கமும் மாறி மாறி முனை வரை வரவேண்டும். நடுவில் ஆணித் தலைகள் எழும்பினால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுங்கள். ஒருவர் தலையைப் பிடித்து அமைதியாக நிற்க, இன்னொருவர் இந்த வேலையைச் செய்வது நல்லது.

எடுத்தவுடன் லாடத்தில் இருந்த ஆணிகளையும் குளம்பின் துளைகளையும் எண்ணி ஒப்பிடுங்கள். ஓர் ஆணி குறைந்தால் அது உடைந்து சுவருக்குள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், தரையிலும் தேடுங்கள். கூரான சுவர் ஓரத்தை அரத்தால் உருட்டிவிட்டு, மேலே சொன்னபடி டேப் அட்டை ஒட்டி, லாடக்காரர் வரும்வரை மிருதுவான தரையில் கட்டி வையுங்கள். கழற்றிய லாடத்தைப் பத்திரப்படுத்தி அவரிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து அடுத்த லாடத்தை எப்படி அமைப்பது என்று அவர் முடிவு செய்வார்.